கசிவின் வரலாறு: அம்பாசடர் எஞ்சினும் பட்டறை அறிவும்

சுதந்திர இந்தியாவின் மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டில் எந்த உரிமம் வழங்கப்பட்டது, எந்த மாதிரி எந்த அயல்நாட்டு மூலத்திலிருந்து பெறப்பட்டது என்பவையே அதன் வினாக்கள். ஆனால் ஒரு கார் ஆலையில் கழிப்பது சில நாட்கள்தான். சாலையிலும் பட்டறையிலும் அது இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்கிறது. அந்த நீண்ட வாழ்வுக்கு வரலாறு உண்டா?

டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வழியாக அல்லாமல் பயன்பாட்டின் வழியாக எழுத வேண்டும் என்று வாதிட்டது. பராமரிப்பும் பழுதுநீக்கமும் அதில் தனிக் கவனம் பெற்றன. டேவிட் அர்னால்ட் 2013-இல் வெளியிட்ட 'எவ்ரிடே டெக்னாலஜி' மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்திய நவீனத்துவத்தை விளக்கியது. இந்த இரு நூல்களும் திறந்த வாசல் வழியே இன்னும் சிறிய ஒரு பொருளையும் ஆராயலாம். பழைய கார் எஞ்சினிலிருந்து நீர் கசிகிறது. அதைக் கண்டறிந்து அடைக்க வேண்டும். இந்தச் சிறு சிக்கலைப் பின்தொடர்ந்தால் தொழிற்கொள்கை, தட்பவெப்பம், மொழி, உழைப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

1. ஓர் ஆங்கிலேய எஞ்சின் உத்தர்பாராவில்

பி.எம். பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944-இல் பம்பாயில் நிறுவப்பட்டது. 1953-இல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசு எடுத்த முடிவு இத்துறையின் திசையை மாற்றியது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு வெளியேறின.

எஞ்சியவை சில நிறுவனங்களே. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை மூலமாகக் கொண்ட அம்பாசடர் 1950களின் இறுதியில் வந்தது. தொடக்கத்தில் பக்கவால்வு எஞ்சினுடன் வந்த அதற்கு, விரைவிலேயே 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்த அந்த எஞ்சினின் உடலும் தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. ஃபியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினியில் 1089 கன செ.மீ. எஞ்சின் இருந்தது. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் இந்த மாதிரிகள் மறைந்த பின்னரும் இந்தியாவில் அவை தொடர்ந்து உற்பத்தியாயின. உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில்தான் நின்றது. ஒரே வடிவமைப்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்தபோது, அதன் ஒவ்வொரு பலவீனமும் ஒரு தலைமுறை மேஸ்திரியிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் அறிவாக மாற முடிந்தது. போட்டியற்ற சந்தை வாங்குவோருக்கு இழப்பாகவும் பழுதுநீக்குவோருக்கு ஒருவகைக் கல்விக்கூடமாகவும் இருந்தது என்பது இந்த வரலாற்றின் முரண்.

2. எஞ்சினுக்குள் நீர் ஏன்?

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது சிறுபங்கே. மீதியில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகச் சுவர்களில் வெப்பமாக இறங்குகிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். வார்ப்பிரும்பு 1200 பாகைக்குள்ளேயே உருகிவிடும். இரண்டுக்கும் இடையே நின்று காப்பது நீர்.

கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு வாகனத்தில் நீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. ஓட்டுநர் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் 1900-1901-இல் மெர்செடீஸ் வாகனத்துக்கு அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் அந்த நிலையை மாற்றியது. ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் வழியே காற்றுப் பாய, சிறிதளவு நீரே சுழன்று சுழன்று குளிர்ந்தது. பின்னர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அழுத்த மூடியும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் அழுத்த மூடியின் பங்கு பலராலும் உணரப்படுவதில்லை. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி இட்டால் கொதிநிலை ஏறத்தாழ 111 பாகைக்கு உயரும். ஆகவே மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், ஒரு துளி நீர் கீழே சிந்தாதபோதும் எஞ்சின் கொதித்து நீரை இழக்கும். கசிவு என்று வரும் பல வண்டிகளில் குற்றவாளி இந்த மூடியே.

3. நாடு மாறியபோது

ஒரு ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 90 பாகையில் உள்ள நீருக்கு ஆங்கிலேயக் கோடையின் 20 பாகைக் காற்று 70 பாகை வேறுபாட்டைத் தரும். டெல்லியின் மே மாதத்து 45 பாகைக் காற்றோ 45 பாகை வேறுபாட்டையே தரும். அதாவது அதே ரேடியேட்டர் இங்கே மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவான வேலையையே செய்யும்.

மலைச்சாலையில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 பாகை வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. 2200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் திறந்த நீர் 93 பாகைக்குள் கொதித்துவிடும். மூடி தளர்ந்த ஒரு வண்டி இரண்டாம் கியரில் கொண்டையூசி வளைவுகளை ஏறும்போது, ஓரமாக நிறுத்தி ஊற்றுநீரைத் தேடுவதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வழியிருக்கவில்லை.

மூன்றாவது காரணம் அவ்வளவாகக் கண்ணில் படாதது. மேலைநாடுகளில் உறைபனி எஞ்சினை வெடிக்கச் செய்யும் என்பதால் எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர் வழக்கத்துக்கு வந்தது. அக்கலவையில் துருத்தடுப்பு வேதிப்பொருள்களும் இருந்தன. இந்தியச் சமவெளிகளில் உறைபனி இல்லை. எனவே கிளைக்காலும் தேவையில்லை என்று கருதப்பட்டது. அதோடு துருத்தடுப்பும் போயிற்று. கிணற்று நீரும் குழாய்நீரும் ரேடியேட்டருக்குள் சென்றன. வார்ப்பிரும்பு துருப்பிடித்தது, கடினநீரின் சுண்ணாம்புப் படிவு குழாய்களைச் சுருக்கியது. பனியை எதிர்பார்த்து உருவான ஒரு பாதுகாப்பு, பனியில்லாத நாட்டில் தேவையற்றதாகத் தோன்றியதன் விளைவே பழைய கார்களின் பெரும்பாலான கசிவுகள் எனலாம்.

4. தடயம் படித்தல்

கசிவைக் கண்டறியும் முறை ஓர் அனுமான முறை. தேர்ந்த மேஸ்திரி எடுத்த எடுப்பில் எதையும் கழற்றுவதில்லை. முதலில் எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பார். சூடான மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறியபின் நீர்மட்டத்தையும் நிறத்தையும் பார்ப்பார். செந்நிறம் துருவைக் காட்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் சிக்கல் ஆழமானது.

அடுத்து வெளிப்புறம். ஈரம் காய்ந்துவிடும், அதன் தடம் காயாது. வெண்மையான சுண்ணாம்புக் கோடோ செம்பழுப்புக் கறையோ எங்கே முடிகிறது என்பது முக்கியமன்று. எங்கே தொடங்குகிறது என்பதே முக்கியம். விசிறிக் காற்று நீரைப் பின்னோக்கி வீசுமாதலால் ஈரமான இடம் கசிந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. மேல்ஹோஸையும் கீழ்ஹோஸையும் அழுத்திப் பார்ப்பார். பஞ்சுபோல் அமுங்குவதும் கட்டையாக இறுகி வெடிப்பதும் முதுமையின் அடையாளங்கள். கிளிப்பின் அடியில் கறை இருந்தால் கிளிப்பை இறுக்குவதோ மாற்றுவதோ போதும்.

மூன்றாவது, வாட்டர் பம்ப். அதன் உடலின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் நீர் பேரிங்கைக் கெடுக்கும் முன் அத்துளை வழியே வெளியேறி எச்சரிக்கும். அந்தத் துளையை அடைப்பது பழுதுநீக்கம் ஆகாது. வாயைப் பொத்துவதுதான் அது. விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டம் இருந்தால் பம்பைக் கழற்ற வேண்டும்.

நான்காவது, எஞ்சின் உடலின் பக்கவாட்டில் பதிந்திருக்கும் வட்டத் தகடுகள். வார்ப்பின்போது உள்ளிருக்கும் மணல் கருவை வெளியேற்ற விடப்பட்ட துளைகளை மூடுபவை அவை. மெல்லிய தகடாதலால் உட்புறத்திலிருந்து துரு அரித்து ஒருநாள் ஊசித்துளை விழும். புகைக்குழாய்த் தொகுதிக்குப் பின்னால் மறைந்திருக்கும் தகடு கசிந்தால், நீர் சூட்டில் ஆவியாகி நிலத்தில் தடயமே விடாது.

இவை எதிலும் குறை காணாவிட்டால், ஐயம் ஹெட் கேஸ்கெட்டின் மேல் விழுகிறது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழி எழுகிறதா, சூடான பின்னும் புகைக்குழாயில் இனிய மணத்துடனோ மணமின்றியோ வெண்ணிற ஆவி நிற்காமல் வருகிறதா, எண்ணெய் அளவுக்கோலில் பாலேடு போன்ற குழம்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தால், நீர் புகுந்த சிலிண்டரின் பிளக் மற்றவற்றினும் வெளுத்து, கழுவியது போலிருக்கும். அழுத்தமானியை வைத்து அளந்தால் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருப்பது, அவற்றுக்கு இடையே கேஸ்கெட் வெந்துவிட்டதைச் சொல்லும்.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் எழுதிய கட்டுரையில், அற்பத் தடயங்களிலிருந்து காணாத காரணத்தை ஊகிக்கும் ஓர் அறிவுமுறையை விவரித்தார். ஓவியங்களின் காதுமடலைக் கொண்டு ஓவியரை அடையாளம் கண்ட மொரெல்லி, ஃபிராய்டு, ஷெர்லக் ஹோம்ஸ் ஆகிய மூவரையும் ஒரே மரபில் வைத்தார். மணிமேகலை பேசும் அளவைகளுள் காண்டலுக்கு அடுத்து வரும் கருதல் என்பதும், நியாய மரபின் அனுமானமும் இதே திசையில் நிற்பவை. பட்டறையின் எண்ணெய்க் கறையும் இந்த மரபுக்குள் வரவேண்டியதே. எளிதானதிலிருந்து கடினமானதற்கு, செலவில்லாததிலிருந்து செலவானதற்கு, கழற்றாமல் அறிவதிலிருந்து கழற்றி அறிவதற்கு என்ற ஒழுங்கு, எழுதப்படாத ஒரு முறையியல்.

5. பற்றவைப்பும் மஞ்சளும்

செம்பும் பித்தளையும் கொண்ட பழைய ரேடியேட்டர் பழுதுநீக்குவதற்கு இசைவானது. கழற்றிய ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினால் ஓட்டை தானே குமிழியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தைச் சுரண்டித் தூய்மை செய்து, வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றைச் சூட்டில் உருக்கி இழுப்பார்கள். படிவு மிகுந்திருந்தால் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டையான கம்பியை நுழைத்துத் துடைப்பார்கள். அரித்த வட்டத் தகட்டை நெம்பி எடுத்து, இருக்கையைத் தேய்த்து, பசை தடவிய புதிய தகட்டை அடித்துப் பதிப்பார்கள். கேஸ்கெட் மாற்றும்போது ஹெட்டின் அடிப்பரப்பு கோணியிருக்கிறதா என்று நேர்விளிம்பை வைத்துப் பார்த்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக நட்டுகளை முறுக்குவார்கள்.

நெடுஞ்சாலையில் பட்டறை இல்லாதபோது ஓட்டுநர்களின் கைவைத்தியம் மஞ்சள்தூள். ஒரு கைப்பிடி தூளை ரேடியேட்டரில் இட்டால், துகள்கள் நீரோட்டத்தோடு சென்று ஊசித்துளையில் தங்கி, ஊறி, அடைக்கும். ஐரோப்பிய, அமெரிக்க ஓட்டுநர்கள் மிளகுத்தூளையும் முட்டையின் வெண்கருவையும் இதற்கே பயன்படுத்தினர். இது தற்காலிகமானது, மிகுதியானால் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதிட்டு, 1997-இல் நீக்கச் செய்தது. அந்த வெற்றி மரபறிவு மின்னூலகம் உருவாகத் தூண்டுகோலாயிற்று. ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் அதில் இடம்பெற்றன. மனித உடலுக்கான மஞ்சள் மரபறிவாயிற்று. இயந்திர உடலுக்கான மஞ்சள் வெறும் 'ஜுகாட்' ஆயிற்று. எது அறிவு, எது சமாளிப்பு என்ற வகைப்பாட்டில் பழைமைக்கு மட்டுமன்றி, ஏட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

6. பட்டறையின் சொற்கள்

அந்த ஏடில்லாமை காரணமாகவே பட்டறையின் சொற்கள் வரலாற்றுச் சான்றாகின்றன. தமிழில் மேஸ்திரி, இந்தியில் மிஸ்திரி. இரண்டும் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரெ'வின் வழிவந்தவை. குருவைக் குறிக்கும் 'உஸ்தாத்' பாரசீகத்திலிருந்து இசை அரங்குக்கும் வந்தது. வட இந்தியப் பட்டறைக்கும் வந்தது. மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் 'ஸ்டெப்னி', 1904-இல் வேல்ஸ் நாட்டின் லானெத்லி நகரில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். அச்சொல் பிரிட்டனின் பொதுவழக்கில் மறைந்து இந்தியாவில் வாழ்கிறது.

எஞ்சின் உடலின் வட்டத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'ஃப்ரீஸ் பிளக்'. உறைபனியில் நீர் விரியும்போது தகடு கழன்று எஞ்சினைக் காக்கும் என்ற நம்பிக்கை அப்பெயரில் உறைந்திருக்கிறது. உண்மையில் அது மணல் கருவுக்கான துளையின் மூடியே. இந்தியப் பட்டறைகளில் அதற்குப் பெயர் 'டாலர்'. அங்கே பெயர் பனியை நினைவூட்டுகிறது, இங்கே நாணயத்தை. பனியை அறியாத தொழிலாளர் தம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு பொருளுக்குப் பெயரிட்டனர். கடன்சொல்லைச் சிதைவு என்று மட்டும் பார்க்கும் கலைச்சொல் அகராதிகள் இத்தகைய மறுபெயரீட்டைத் தவறவிடுகின்றன.

7. இந்த அறிவின் விலை

இவ்வளவு சொல்லியபின் பட்டறையைப் பொற்காலமாக வரைவது பொய்யாகும். பற்றவைப்பின் காரீய ஆவியும், பழைய செம்புக் கேஸ்கெட்டின் உள்ளிருந்த கல்நார்த் தூசும் நுரையீரலுக்கும் குருதிக்கும் கேடானவை. உஸ்தாத்-சீடர் முறை என்று மதிப்போடு சொல்லப்படுவதன் மறுபுறத்தில் 'சோட்டு' என்று மட்டுமே அழைக்கப்பட்ட சிறுவன் இருந்தான். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது; 14 வயதுக்குட்பட்டோரை, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எவ்வேலையிலும் அமர்த்துவதை 2016-இன் திருத்தம்தான் தடைசெய்தது. பட்டறை அறிவு எப்படிக் கைமாறியது என்று கேட்கும் ஆய்வு, யாருடைய குழந்தைப் பருவத்தைச் செலவிட்டுக் கைமாறியது என்றும் கேட்க வேண்டும்.

1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் அதன்வழி வந்த தொழிற்பயிற்சி நிலையங்களும் மாற்றுவழி ஒன்றைத் திறந்தன. அங்கே சான்றிதழ் கிடைத்தது. தெருவோரப் பட்டறையில் கற்றவருக்கோ கைத்திறன் இருந்தும் அதை மெய்ப்பிக்கும் தாள் இல்லை. ஒரே கசிவை அடைக்கத் தெரிந்த இருவரில் ஒருவர் தொழில்நுட்பர், மற்றவர் கூலி.

8. மூடிய எஞ்சினின் காலம்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தபோது, அலுமினிய ஹெட் கொண்ட 796 கன செ.மீ. எஞ்சின் இந்தியச் சாலைக்கு வந்தது. அலுமினியம் வெற்றுநீரை மன்னிப்பதில்லை. கூலன்ட் என்னும் சொல் மெல்ல மெல்ல ஓட்டுநர்களின் பேச்சில் நுழைந்தது. பின்னர் வந்த ரேடியேட்டர்களில் அலுமினிய உடலுடன் பிளாஸ்டிக் தொட்டி மடித்து இறுக்கப்பட்டது. அதை ஈயத்தால் பற்றவைக்க இயலாது. கசிந்தால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். புதிய எஞ்சின்கள் குறைவாகக் கசிகின்றன, குறைவாகப் புகைவிடுகின்றன என்பதில் ஐயமில்லை.

பழைய வண்டிகளின் வெளியேற்றமும் சட்டத்தின் வழியே நிகழ்ந்தது. 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் 15 ஆண்டைக் கடந்த வணிக வாகனங்களை நகரிலிருந்து விலக்க ஆணையிட்டது. 2014, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் டெல்லிப் பகுதியில் 10 ஆண்டைக் கடந்த டீசல், 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தடைவிதித்தன. அத்தடையைச் செயல்படுத்துவது பற்றிய வழக்காடல் அதன்பின்னும் தொடர்ந்தது. மும்பையில் 2003-இல் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு நீங்கியது. தூய காற்று நகரத்தின் உரிமை, அதை மறுப்பதற்கில்லை. வண்டிகள் உடைபடுவது டெல்லி மாயாபுரியிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும். அங்கே இரும்பும் செம்பும் எடைக்கு விலைபோகின்றன. அவற்றோடு வந்த அறிவுக்கு எடைக்கல் இல்லை.

ஓர் அம்பாசடரை அருங்காட்சியகத்தில் நிறுத்துவது எளிது. அதன் புகைக்குழாய்த் தொகுதிக்குப் பின்னால், கண்ணுக்கெட்டாத இடத்திலுள்ள டாலரில் ஊசித்துளை விழுந்திருப்பதை, தரையில் ஒரு துளியும் இல்லாதபோதே சொல்லக்கூடியவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். மொழியியல் துறைகள் அழியும் மொழிகளை ஆவணப்படுத்தும் முறைகளை நன்கறிந்தவை: பேசுவோரைக் கண்டறிந்து, ஒலிப்பதிவு செய்து, சொல்லைச் சூழலோடு குறித்து, பேசியவர் பெயரை அவர் இசைவோடு பதிதல். அதே முறைகள் பட்டறைக்கும் பொருந்தும். வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்க எண்ணும் மாணவர்களுக்கு நிதிநல்கை வரும்வரை காத்திருக்கும் தேவை இல்லை. பல்கலைக்கழக வாயிலுக்கு அருகிலேயே ஒரு பழைய பட்டறை பெரும்பாலும் இருக்கும். அந்த நேர்காணலில் கேட்க வேண்டிய முதல் வினா எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதன்று. எங்கே கசிகிறது என்று எப்படித் தெரிந்தது என்பதே.